தராசும் எண்ணிக்கையும்

பொருள்களை அளந்தறிவதற்கு மனிதன் கண்ட வழிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று எண்ணுதல், மற்றது நிறுத்தல். தேங்காயை எண்ணி வாங்குகின்றோம். அரிசியை நிறுத்து வாங்குகின்றோம். அரிசியை மணி மணியாக எண்ணி வாங்க முற்படுவோனைக் கண்டால் உலகம் நகைக்கும். ஆயினும் இரசாயனம் பயில்வோன் செய்ய முற்படுவது ஏறக்குறைய அதுவேயாம். கண்ணுக்குப் புலனாகாதனவும் கையிற் பிடிக்க இயலாதனவுமாகிய அணுக்களை அவன் எண்ண விரும்புகின்றான். அவன் கையில் உள்ளதோ ஒரு தராசு. நிறுத்துப் பார்த்து எண்ணிக்கை கூறும் இவ்வித்தையையே பாடநூல்கள் அனுபவச் சூத்திரம், மூலக்கூற்றுச் சூத்திரம் என்னும் தலைப்புக்களின் கீழே கற்பிக்கின்றன.

உயர்தர வகுப்பு மாணவர்க்கு இப்பாடத்தை நாம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். மாணவரிற் பெரும்பாலோர் இதனை ஓர் அட்டவணையாகவே அறிவர். நூற்றுவீதத்தை ஒரு நிரலில் எழுது, அணுத்திணிவால் வகு, வந்தவற்றுள் மிகச் சிறியதால் மீண்டும் வகு, முழுவெண்ணாக்கு, விடை வந்துவிட்டது. பரீட்சையிற் புள்ளிகளும் வந்துவிடுகின்றன. ஆனால், எதற்காக வகுத்தாய் என்று கேட்டால் அட்டவணை வாய் திறப்பதில்லை. அட்டவணைக்குப் பின்னே மறைந்து நிற்கும் கருத்தைச் சற்று வெளியே அழைத்து வந்து, இல்லத்திலுள்ளோரும் அறியுமாறு அறிமுகஞ் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குறியீடுகள் கண்ணை மருட்டும் ஆதலின், மூலகங்களைப் பெயர்களாலேயே குறிப்போம்.

கலியாண வீடு ஒன்றை எண்ணிக்கொள்க. வந்தோர்க்கு வழங்குவதற்கெனத் தாம்பூலச் சரைகள் கட்டி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சரையிலும் எத்தனை வெற்றிலை, எத்தனை பாக்கு என்று எவரும் நமக்குக் கூறவில்லை. சரைகள் யாவற்றுக்குமாகச் சென்ற வெற்றிலை 1,200 கிராம் என்றும், பாக்கு 1,800 கிராம் என்றும் மட்டும் அறிவோம். நிறையைக் கொண்டு பார்ப்பின் பாக்கே மிகுதி போலத் தோன்றும். ஆனால் ஒரு வெற்றிலை 2 கிராம், ஒரு பாக்கு 6 கிராம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். வெற்றிலை 600, பாக்கு 300. இரண்டு வெற்றிலைக்கு ஒரு பாக்கு என்னும் விகிதம் புலப்படுகின்றது. தனியொன்றின் நிறையால் மொத்த நிறையை வகுக்கும்போது நிறை எண்ணிக்கையாக மாறிவிடுகின்றது. அட்டவணையின் முதல் வகுத்தலுக்கு இதுவே பொருள்.

ஆயினும் ஒரு சரையினுள்ளே இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்குந்தான் உள்ளனவா? நான்கும் இரண்டுமாக இருத்தல் கூடாதா? ஆறும் மூன்றுமாக இருத்தல் கூடாதா? விகிதம் இதற்கு விடை கூறாது. சரை ஒன்றை எடுத்துத் தனியே நிறுத்தல் வேண்டும். கடதாசி நீங்கலாக 10 கிராம் நின்றால் இரண்டும் ஒன்றும். 30 கிராம் நின்றால் ஆறும் மூன்றும். இவற்றுள் விகிதத்தை மட்டுங் கூறுவது அனுபவச் சூத்திரம்; ஒரு சரைக்குள் உண்மையில் உள்ளதைக் கூறுவது மூலக்கூற்றுச் சூத்திரம். முன்னதை அறியப் பகுப்பாய்வு போதும். பின்னதை அறியப் பகுப்பாய்வுடன் மூலக்கூற்றின் திணிவும் வேண்டும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. விலங்கியல் ஆய்வுகூடத்திலே தவளையையும் பாம்பையும் அழுகாது காக்கும் போமலினில் கரைந்திருப்பது போமல்டிகைட்டு என்னும் நச்சுப் பொருள். அடுக்களையில் உள்ள வினாகிரிக்குப் புளிப்பைத் தருவது அசற்றிக்கமிலம். தயிரின் புளிப்புக்குக் காரணம் இலற்றிக்கமிலம். நோயாளியின் நாளத்தினூடே வைத்தியசாலையில் ஏற்றப்படும் சர்க்கரை குளுக்கோசு. இந்நான்கையும் தனித்தனியே தூய்மையாக்கிப் பகுத்தால் நான்கிலும் காபன் 40.0, ஐதரசன் 6.7, ஒட்சிசன் 53.3 என்று ஒரே நூற்றுவீதமே கிடைக்கும். காபனை 12 ஆலும், ஐதரசனை 1 ஆலும், ஒட்சிசனை 16 ஆலும் வகுத்தால் 3.33, 6.7, 3.33 என வரும். சிறியதால் வகுத்தால் 1, 2, 1. நான்கிற்கும் அனுபவச் சூத்திரம் ஒன்றே: ஒரு காபனுக்கு இரண்டு ஐதரசனும் ஓர் ஒட்சிசனும். அதன் திணிவு 30.

இனி மூலக்கூற்றுத் திணிவை நோக்குவோம். போமல்டிகைட்டு 30; அசற்றிக்கமிலம் 60; இலற்றிக்கமிலம் 90; குளுக்கோசு 180. ஆகவே முதலாவது அனுபவச் சூத்திரத்தின் ஒரு மடங்கு; இரண்டாவது இரு மடங்கு; மூன்றாவது மும்மடங்கு; நான்காவது அறுமடங்கு. குளுக்கோசின் மூலக்கூறொன்றில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. சடத்தைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே விகிதத்தாலானவை! விகிதத்தை மட்டும் அறிந்தவன், தன் கையில் உள்ளது இவற்றுள் எது என்று கூற இயலாதவன் ஆவான்.

இந்நூற்றுவீதங்கள் எங்ஙனம் கிடைத்தன என்று மாணவர் கேட்பதில்லை. வினாத்தாளில் அச்சிடப்பட்டே வருவதால் அவை வானிலிருந்து இறங்கியன போலும் என எண்ணிவிடுகின்றனர். அவற்றின் பின்னே அரிய உழைப்பு உண்டு. செருமனியிலே கீசன் நகரில் ஆசிரியராயிருந்த லீபிக் என்னும் பேரறிஞர் 1831ஆம் ஆண்டில் ஐந்து குமிழ்கள் கொண்ட கண்ணாடிக் கருவியொன்றை அறிமுகஞ் செய்தார். நிறுத்தெடுத்த பொருளைச் செப்பொட்சைட்டுடன் சேர்த்து எரிப்பர். அதிலுள்ள ஐதரசன் யாவும் நீராவியாகும். காபன் யாவும் காபனீரொட்சைட்டாகும். நீராவியைக் கல்சியங்குளோரைட்டு நிரம்பிய குழாய் உறிஞ்சும்; காபனீரொட்சைட்டைக் குமிழ்களில் உள்ள எரிபொற்றாசுக் கரைசல் உறிஞ்சும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் இவ்விரண்டையும் நிறுத்தால் நிறையேற்றம் தெரியும்.

எடுத்துக்காட்டாக, அசற்றிக்கமிலம் 0.60 கிராம் எரிந்து 0.88 கிராம் காபனீரொட்சைட்டையும் 0.36 கிராம் நீரையும் தருகின்றது எனக் கொள்வோம். காபனீரொட்சைட்டில் 44 பங்கிற்கு 12 பங்கு காபன். ஆகவே காபன் 0.24 கிராம். நீரில் 18 பங்கிற்கு 2 பங்கு ஐதரசன். ஆகவே ஐதரசன் 0.04 கிராம். எஞ்சிய 0.32 கிராமும் ஒட்சிசன். அணுத்திணிவுகளால் வகுத்தால் 0.02, 0.04, 0.02, அதாவது 1, 2, 1. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. ஒட்சிசன் நேரே நிறுக்கப்படவில்லை. கழித்து எஞ்சியதே அதன் பங்காயிற்று. காபனிலோ ஐதரசனிலோ நேரும் குறைபாடு யாவும் ஒட்சிசனின் தலையிலேயே சுமத்தப்படும்.

எமது மாணவப் பருவத்தின் ஒரு பகுதி, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றிருந்த 1990களின் முற்பகுதியிற் கழிந்தது. மண்ணெண்ணெய் அரிதாகையால், பஞ்சில் ஊறிய சிறிதளவு எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கே படிப்பதற்கு உதவிற்று. போத்தலின் விளிம்பிற் கரி படிந்திருக்கும். அக்கரி, எரியாது தப்பிய காபன். லீபிக்கின் குழாயில் அவ்வாறு சிறிது கரி தங்கினாலும் காபன் குறைந்து ஒட்சிசன் கூடிவிடும். செப்பொட்சைட்டு எதற்காகச் சேர்க்கப்படுகின்றது என்று வகுப்பிலே விளக்கும்போதெல்லாம் அவ்விளக்கின் கரிந்த விளிம்பையே நாம் எடுத்துக்காட்டுவதுண்டு.

நிறையிலிருந்து எண்ணிக்கைக்குச் செல்லும் பாதை அறிஞர்க்கும் இலகுவாயிருக்கவில்லை. அணுக்கொள்கையை வகுத்த தாற்றன், நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன என்று கொண்டார். இரு பொருள்கள் சேர்ந்து ஒரே சேர்வையைத் தருமாயின் ஒன்றுக்கொன்றெனக் கொள்வதே எளிமை என்பது அவர் கருத்து. நீரில் ஒட்சிசனின் நிறை ஐதரசனின் நிறையைப் போல எட்டு மடங்கு. ஆகவே அவர் வழிச் செல்வோர்க்கு ஒட்சிசனின் அணுத்திணிவு 8. இன்று நாமறிந்ததோ 16. எண்ணிக்கை தெரிந்தால் அணுத்திணிவு தெரியும். அணுத்திணிவு தெரிந்தால் எண்ணிக்கை தெரியும். இரண்டுந் தெரியாதபோது என் செய்வது? ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டு என்று இத்தாலியரான அவகாதரோ 1811ஆம் ஆண்டிலேயே கூறி, இம்முடிச்சை அவிழ்க்கும் வழியைக் காட்டினார். உலகம் அவருக்குச் செவிசாய்க்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

அவ்வரை நூற்றாண்டின் குழப்பத்துக்கு ஒரு சான்று போதும். கெக்குலே என்னும் செருமானிய அறிஞர் 1861இல் வெளிவந்த தமது நூலிலே, அசற்றிக்கமிலம் என்னும் ஒரே பொருளுக்கு அக்காலத்தில் வழங்கிய 19 சூத்திரங்களைத் தொகுத்துக் காட்டினார். ஒரு வினாகிரிக்குப் பத்தொன்பது முகவரிகள்! இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1860ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் கார்ல்சுரூ நகரில் ஐரோப்பிய இரசாயன அறிஞர் மாநாடு கூடியது. அங்கே கனிசாரோ என்னும் இத்தாலிய ஆசிரியர் தமது நாட்டவரான அவகாதரோவின் கருத்துக்காக வாதிட்டார். மாநாட்டின் முடிவில் அவருடைய சிறு பிரசுரம் வந்தோர்க்கு வழங்கப்பட்டது. அது தம் மாணவர்க்கு அவர் பாடம் நடத்திய முறையைக் கூறும் ஏடு என்பதை எண்ணுந்தோறும் ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு ஒரு பெருமிதம் உண்டாவது இயல்பன்றோ?

இனி, எமது ஆய்வுகூடத்துக்கு வருவோம். மகனீசிய நாடாவைப் புடக்குகையில் இட்டு எரித்து, அதன் ஒட்சைட்டின் சூத்திரத்தைக் காண்பது மாணவர் செய்யும் பரிசோதனைகளுள் ஒன்று. ஒருமுறை ஒரே மேசையில் இருந்த இருவரின் பதிவேடுகள் எம்மிடம் வந்தன. மாணவன் ஒருவன் 0.24 கிராம் மகனீசியம் 0.40 கிராம் ஒட்சைட்டைத் தந்ததாக எழுதியிருந்தான். 24 ஆல் வகுத்தால் 0.01, எஞ்சிய 0.16ஐ 16 ஆல் வகுத்தால் 0.01. விகிதம் ஒன்றுக்கொன்று, சிறிதும் பிசகில்லை. மாணவி ஒருத்தியோ அதே 0.24 கிராமிலிருந்து 0.38 கிராமே பெற்றிருந்தாள். ஒட்சிசன் 0.14 கிராம், விகிதம் ஒன்றுக்கு 0.88. பதிவேட்டை நீட்டியபோது அவள் முகம் வாடியிருந்தது.

“சேர், நான் கண்டதைத்தான் எழுதினேன். விடை பிழைத்துப் போச்சு” என்றாள்.

“விடை பிழையோ சரியோ என்பதைப் பிறகு பார்ப்போம், பிள்ளை. எரியும்போது என்ன கண்டாய்?” என்று கேட்டோம்.

மூடியைத் திறந்தபோது வெண்புகை வெளியேறியதாகக் கூறினாள். அப்புகையே அவள் இழந்த ஒட்சைட்டு. அன்றியும், மகனீசியத்தின் ஒரு பகுதி காற்றிலுள்ள நைதரசனோடு சேர்ந்து நைத்திரைட்டாகிவிடும். அதனாலும் நிறையேற்றம் குறையும். அடுத்த வாரம் மூடியை மெல்ல மெல்லத் தூக்கி, இறுதியிற் சில துளி நீர் விட்டு மீண்டும் வலிதாகச் சூடாக்கும்படி சொன்னோம். நீர் பட்டதும் அமோனியாவின் நெடி எழுந்தது. நைத்திரைட்டு தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. இம்முறை 0.39 கிராம், விகிதம் ஒன்றுக்கு 0.94. இன்னும் ஒன்றாகவில்லை. ஆயினும் ஒன்றென்று எழுதுவதற்கு இப்போது அவளிடம் நியாயம் இருந்தது. நேரக்கூடிய இழப்புக்கள் யாவும் ஒட்சிசனைக் குறைப்பனவேயன்றிக் கூட்டுவன அல்ல. இழப்பைக் குறைக்கக் குறைக்க எண் ஒன்றை நோக்கி ஏறுகின்றது. அதை அவள் தன் பதிவேட்டில் எழுதினாள்.

மாணவனைத் தனியே அழைத்து, 0.40 என்னும் எண்ணைத் தராசிற் கண்டானா என்று கேட்டோம். சிறிது நேரம் நின்றான். பின்னர், பாடநூல் விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்ததாக ஒத்துக்கொண்டான். அவனை நாம் கடிந்துரைக்கவில்லை. “உன் எண்ணில் பிழை இல்லை, ஆனால் அதில் மகனீசியமும் இல்லை” என்று மட்டும் சொன்னோம். மறுநாள் தானாகவே வந்து பரிசோதனையைத் திரும்பச் செய்தான். அவனுக்குக் கிடைத்த விகிதம் ஒன்றுக்கு 0.91. அதனை அவ்வண்ணமே எழுதினான். அவன் எழுதிய எண்களுள் நாம் பெரிதும் மதித்தது அதுவே.

முழுவெண்ணாக்குதல் என்னும் படியில் ஓர் அறம் அடங்கியுள்ளது என்பது எமது துணிபு. 0.94ஐ ஒன்றாக்கலாம், 2.5ஐ மூன்றாக்கலாமா? பொசுபரசின் ஒட்சைட்டு ஒன்றில் பொசுபரசு 43.7, ஒட்சிசன் 56.3 நூற்றுவீதம். 31 ஆலும் 16 ஆலும் வகுத்தால் 1.41, 3.52, விகிதம் ஒன்றுக்கு 2.5. அவசரக்காரன் மூன்று என்பான். மற்றொருவன் இரண்டு என்பான். பொறுமையுள்ளவன் இரண்டையும் இரட்டித்து, இரண்டுக்கு ஐந்து என்பான். அவ்வனுபவச் சூத்திரத்தின் திணிவு 142. மூலக்கூற்றுத் திணிவோ 284. ஆகவே மூலக்கூற்றில் 4 பொசுபரசும் 10 ஒட்சிசனும் உள்ளன. அரையைக் குறையென்று எண்ணி மூடிவிட்டவனுக்கு இவ்வுண்மை ஒருபோதும் வெளிப்படாது. நிறுத்தலில் நேர்ந்த சிறு பிசகு எது, இயற்கை உரைக்கும் செய்தி எது என்று பகுத்தறிவதே இக்கணக்கின் உயிர்.

மூலக்கூற்றுச் சூத்திரம் கிடைத்தவுடன் யாவும் கிடைத்துவிட்டன என்று இறுமாத்தலும் ஆகாது. இலண்டனில் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், கொயினா என நம் முன்னோர் வழங்கிய குயினைனைச் செயற்கையில் ஆக்க 1856இல் முயன்றார். அதன் சூத்திரம் 20 காபன், 24 ஐதரசன், 2 நைதரசன், 2 ஒட்சிசன். 10 காபன், 13 ஐதரசன், 1 நைதரசன் உள்ள பொருளொன்றில் இரண்டு மூலக்கூறுகளை எடுத்து, மூன்று ஒட்சிசனைச் சேர்த்து, ஒரு நீர் மூலக்கூற்றை நீக்கினால் கணக்குச் சரியாகிவிடும், கூட்டிப் பாருங்கள். கணக்குச் சரியாயிற்று, குயினைன் கிடைக்கவில்லை. அணுக்களின் எண்ணிக்கை வேறு, அவை கோக்கப்பட்ட முறை வேறு; குயினைனில் அவை கோக்கப்பட்ட முறை அன்று எவர்க்கும் தெரியாது. அம்முயற்சியைத் தொடர்ந்தபோது ஊதா நிறச் சாயமொன்றைக் கண்டு அவர் புகழ்பெற்றார். ஆனால் மருந்துக்காக உலகம் சிங்கோனா மரப்பட்டையையே நம்பியிருக்க நேர்ந்தது. எமது நாட்டின் ஹக்கலைத் தோட்டம் 1861இல் அம்மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பதை நினைந்தால், ஒரு சூத்திரத்துக்கும் ஒரு மருந்துக்கும் இடையிலுள்ள தூரம் எத்தகையது என்பது விளங்கும்.

மருத்துவனாகவோ பொறியியலாளனாகவோ ஆகப்போகாத பிள்ளைக்கு இக்கணக்கு எதற்கு என்று பெற்றோர் சிலர் எம்மை வினவுவதுண்டு. அவர்க்கு நாம் கூறும் வரலாறு ஒன்று உண்டு. பாலிலுள்ள புரதத்தை அளப்பதற்கு வழக்கமான முறை, அதிலுள்ள நைதரசனை அளந்து 6.38 ஆற் பெருக்குதலாகும். புரதத்தில் ஏறக்குறைய 16 நூற்றுவீதம் நைதரசன் என்பது அதற்கு அடிப்படை. சீனாவிலே நீர் கலந்த பாலின் குறையை மறைக்க விரும்பியோர் அதில் மெலமீன் என்னும் பொருளைக் கலந்தனர். மெலமீனின் மூலக்கூற்றில் 3 காபன், 6 ஐதரசன், 6 நைதரசன்; திணிவு 126. அதில் நைதரசன் 84, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கருவி நைதரசனைக் கண்டது. தாளில் அது புரதம் என்று எழுதப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அவ்வநியாயம் வெளிப்பட்டபோது ஏறத்தாழ 300,000 குழந்தைகள் நோயுற்றிருந்தனர். பலருக்குச் சிறுநீரகத்திற் கற்கள் உண்டாயின. ஆறு குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

அங்கே கருவி பொய் கூறவில்லை. நைதரசன் இவ்வளவு என்று கேட்டதற்கு ஏற்ற விடையையே கொடுத்தது. எந்தப் பொருளின் நைதரசன் என்று எவரும் கேட்கவில்லை. அவ்வினாவை வினவாமற் செய்வதிலேயே வஞ்சகர் தம் இலாபத்தைக் கண்டனர். விகிதம் பொருளாகாது, எண் உண்மையாகாது என்னும் பாடத்தை ஆய்வுகூட மேசையில் 0.24 கிராம் மகனீசியத்தைக் கொண்டு கற்றுக்கொள்வது, பாற்போத்தலைக் கொண்டு கற்றுக்கொள்வதினும் எத்துணையோ மலிவானது.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் முதுமொழி. தராசு தருவது முதல் விசாரணை, அது விகிதம். மூலக்கூற்றுத் திணிவு தருவது இரண்டாவது, அது எண்ணிக்கை. அமைப்பை ஆராய்வது மூன்றாவது. அதன் பின்னரே பொருளின் உண்மை முகம் தெரியும். மாணவ மணிகளே, அட்டவணையை மறவாதீர்கள். பரீட்சைக்கு அது வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிரலிலும் நீங்கள் எதை அறிந்தீர்கள், எதை இன்னும் அறியவில்லை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரே, பிள்ளை விடையைக் கொண்டுவந்து காட்டும்போது, சரியா பிழையா என்று மட்டும் கேளாதீர்கள். எப்படித் தெரியும் என்றுங் கேளுங்கள். அவ்வினாவுக்கு நேர்மையாக விடையிறுக்கப் பழகிய பிள்ளை எத்தொழிலை மேற்கொண்டாலும், பிறர் நம்பித் தம் தராசைக் கொடுக்கத் தக்கவனாக வாழ்வான்.